சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு

மார்ச் 2

வாண்டு,

அப்பாவின் மேசை விஷயத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதவில்லை. நீ எழுதாததால் நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது சமாதானத்துக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு விவரம் வேண்டும். வாடகைத் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்த ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். வெளியில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கேள்வி இதுதான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, குடிபோவதற்கு முன்பே, அதை ரத்து செய்ய முடியுமா? போன வாரம் போட்டேன். ஒரு வருடத்துக்கான ஒப்பந்தம். சாவி ஏப்ரல் முதல் தேதி தருவதாகப் பேச்சு. இன்னும் ஒரு கரண்டிகூட அங்கே கொண்டுபோகவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக் குடியிருப்பை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எக்ஸ்ரே அறையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் தைரியம் சொல்கிறாள்: "மூணு நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லிட்டா எதுவும் செல்லாதுக்கா. எங்க மாமா அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார்." அவள் மாமா திருப்பிக் கொடுத்தது தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

ஏன் ரத்து செய்ய வேண்டும் என்று கேட்காதே. பதில் மட்டும் எழுது.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

தங்கள் இரண்டாம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. கேட்டிருந்த விவரம் பின்வருமாறு.

கையெழுத்திட்ட பிறகு சில நாட்களுக்குள் மனம் மாறினால் வாடகை ஒப்பந்தம் செல்லாது என்பது பரவலான நம்பிக்கை. வாரத்துக்கு ஒருவராவது இந்த நம்பிக்கையோடு எங்கள் அலுவலகப் படியேறுகிறார். வீடு தேடி வந்து விற்கப்படும் பொருட்களுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. வாடகை வீட்டுக்கு இங்கே கிடையாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து இரு தரப்பும் கட்டுப்பட்டவர்களே. சாவி வாங்கவில்லை, குடிபோகவில்லை என்பதால் எதுவும் மாறாது.

ஒப்பந்தத்திலேயே இடையில் விலகலாம் என்று ஒரு பிரிவு இருந்தால் அதன்படி அறிவிப்புக் கொடுத்து விலகலாம். இல்லாவிட்டால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். பொதுவாக, தங்களுக்குப் பதில் வேறொருவரைக் காட்டினால் சம்மதிப்பார்கள். வீட்டைப் பற்றி உரிமையாளர் பொய் சொல்லியிருந்தாலோ, குடியிருக்க லாயக்கில்லாத நிலையில் வீடு இருந்தாலோ, அது வேறு கதை.

காரணம் தெரியாமல் இதற்குமேல் சொல்ல இயலாது.

தலைமை எழுத்தர்
வாடகைத் தீர்ப்பாயம்

*

மார்ச் 10

வாண்டு,

"தங்கள்" என்று பார்த்ததும் உறையைத் திருப்பி முகவரியைச் சரிபார்த்தேன், வேறு யாருக்கோ போகவேண்டிய கடிதமோ என்று. உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். எனக்கே தலைமை எழுத்தரா?

சரி, காரணத்தைக் கேள். கேட்டுவிட்டு ஒழுங்காகப் பதில் எழுது.

டிப்போ தெருவில் ஒரு மாடி காலியாக இருக்கிறது என்று தரகர் சொன்னார். டிப்போவை எப்போதோ எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் நாம் குடியிருந்த கட்டடம். ஜோடி ஜோடியாகக் கட்டிய வீடுகள், ஒரே முகப்பில் இரண்டு கதவு, நடுவில் பொதுச் சுவர், இந்தப் பக்கம் இடதில் இருப்பது அந்தப் பக்கம் வலதில். உனக்குச் சொல்லவா வேண்டும். இப்போது சாம்பல் நிறம் அடித்திருக்கிறார்கள். கதவு எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். "சின்ன வயசுல இங்கதாங்க இருந்தோம்" என்றேன். தரகர், "அப்படியாம்மா, அப்போ வீடு உங்களைத் தேடி வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினார். நான் படியைப் பார்க்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

வேலை முடிந்து சாயங்காலம் போயிருந்தேன். அடுக்களை முழுவதும் வெயில். அம்மா நின்று சமைக்கிற இடம் வரைக்கும் வெயில். எனக்கு அது போதும். மறுநாளே வீட்டுக்காரம்மாவின் தையல் கடைக்குப் போய், இன்னும் கை தைக்காத கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனேன். படியேறும்போது என் இடது கை கைப்பிடியைத் தேடியது. கைப்பிடி வலது பக்கம் இருந்தது. சரி, மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். மேலே போனால் அடுக்களை இருட்டு. காலையில் நம் அடுக்களை இருட்டாக இருக்குமா? அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் சமைப்பாள். "கறுப்புக் கண்ணாடி வாங்கித் தரட்டுமா" என்று அப்பா தினமும் கேட்பார், ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ இயந்திரம் கொர்ரென்று குடையும் சத்தம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் கையெழுத்துப் போட்டிருப்பது தும்மல் மாமா வீட்டுக்கு.

ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கடை வைத்திருந்தாரே, விடிந்ததும் சுவர் அதிரத் தும்முவாரே, அதுதான் நமக்கு அலாரம். ஒரு தும்மல்கூடப் போடாத அவர் மனைவிக்கும் தும்மல் அத்தை என்றே பெயர் வைத்தோம். அவர்கள் வீட்டுக்கு நான் ஏன் வாடகை கொடுக்க வேண்டும்? நம் வீடு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பல் வைத்தியர் கிளினிக்காக.

நான் நம் வீட்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். வேறு வீடு கொடுத்தால் ஒப்பந்தம் செல்லாது இல்லையா?

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

அலுவலகத்தில் வைத்துப் படித்தேன், தப்பு. சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, "என்ன சார், பிரமோஷனா?" என்றார். ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கிற ஆளுக்குப் பிரமோஷன்.

எக்ஸ்ரே எடுக்கும்போது இது இடது, இது வலது என்று ஈய எழுத்து வைத்தே சம்பாதித்தவள் நீ. ஒரு படத்திலாவது மாற்றி வைத்ததில்லை என்று பெருமை வேறு. வீட்டை மாற்றிவிட்டாயே.

சட்டத்தைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ எந்த வீட்டைப் பார்த்தாயோ அதையே உனக்குக் கொடுக்கிறார்கள். வீடு மாறவில்லை, உன் ஞாபகம்தான் மாறியது. ஞாபகத்துக்கு வீட்டுக்காரம்மா பொறுப்பில்லை. தரகர் தானாகவே "இதுதான் உங்க பழைய வீடு" என்று சொல்லி, அதை நம்பி நீ கையெழுத்திட்டிருந்தால் பேச இடம் உண்டு. நீ சொன்னதற்கு அவர் தலையாட்டினார். தலையாட்டுவது தரகர்களின் தொழில்.

ஆகவே வீட்டுக்காரம்மாவிடம் நேரில் போய் உள்ளதைச் சொல். எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல்தான் வருகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நம் வீட்டின் சாமான் அறை ஞாபகத்திலேயே இருக்கிறது. எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது உனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னை அதில் படுக்க வைத்தார்கள். ஜன்னல் இல்லை. இரண்டு சுவருக்கும் நடுவில் அளவெடுத்ததுபோல் கட்டில். கன்னம் இரண்டும் வீங்கி வாயைத் திறக்க முடியாது, கூப்பிடவும் முடியாது. அதனால் சுவரைத் தட்டுவேன். நீ ஹாலிலிருந்து திருப்பித் தட்டுவாய். நான் இரண்டு தட்டினால் நீ இரண்டு, நான் மூன்று தட்டினால் நீ மூன்று. தூங்கும்வரை தட்டுவாய். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லும்படி நீ நடந்துகொண்டதுமில்லை.

மேசையைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நாம் சாப்பிட்டது, எழுதியது, சீட்டாடியது எல்லாம் அதில்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை வார்டு பையனுக்குத் தூக்கிக் கொடுத்தாய். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நீ ஒரு ஆள். அந்த வீட்டில் இரண்டு அறையும் ஒரு சாமான் அறையும். அத்தனை பெரிய இடம் உனக்கு எதற்கு?

தம்பி

*

மார்ச் 19

வாண்டு,

முதலில் இடது வலது. எக்ஸ்ரே படத்தை, ஆள் நமக்கு எதிரே நிற்பதுபோல வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவருடைய இடது நமக்கு வலது. மனசுக்குள் திருப்பிப் போட்டே பழகிவிட்டேன். அந்த வீட்டைப் பார்த்தபோதும் மனசு தானாகத் திருப்பிப் போட்டுவிட்டது. வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு இது.

பல் வலி என்று சொல்லிவிட்டுப் பல் வைத்தியரிடம் போனேன். நம் ஹாலில் வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள், எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன்னை நினைத்துக்கொண்டேன். வைத்தியரின் சாய்வு நாற்காலி நம் அடுக்களையில் இருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே, சரியாக அம்மா நிற்கிற இடத்தில். என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"வெயில் கண்ணைக் கூசுதாம்மா? திரையை இழுத்து விடட்டுமா?" என்றார் வைத்தியர்.

"வேண்டாம்பா, இருக்கட்டும்."

"பல்லு எல்லாம் நல்லாத்தானே இருக்கு. எங்க வலிக்குது?"

வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டேன்.

பிறகு நீ சொன்னபடி தையல் கடைக்குப் போய் வீட்டுக்காரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கையெழுத்துப் போட்டாச்சேம்மா. உங்களை நம்பி மத்தவங்களை எல்லாம் வேண்டாம்னு அனுப்பிட்டேன். உங்களுக்குப் பதிலா நல்ல ஆளா ஒருத்தரைக் காட்டுங்க, ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன். வீட்டைச் சும்மா பூட்டி வைக்க மட்டும் என்னால முடியாது" என்றார். நியாயமான பேச்சு.

அவர் யார் தெரியுமா? தும்மல் அத்தையின் தங்கை மகள். லீவுக்கு வந்து தங்குவாளே, இரட்டைச் சடை, உன்னைக் கண்டால் நாக்கைத் துருத்துவாளே, அவளேதான். பிள்ளைகள் இல்லாததால் வீட்டை இவளுக்கு எழுதிவைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெயரைச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"அந்தப் பக்கத்துப் பையனுக்கு வாய் வீங்கிடுச்சே, அது உங்க தம்பியா? பெரியம்மா பண்ணின கூத்து இருக்கே. பெரியப்பா மருந்துப் பெட்டியெல்லாம் அடுக்கி வைச்சிருந்த அறை அது. ஒண்ணு விடாம ஹாலுக்குத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள ஒரு முக்காலியை வைச்சு உட்கார்ந்துக்கிட்டாங்க. கேட்டா, 'புள்ள தட்டுது'ம்பாங்க. பெரியப்பா பெட்டியில இடிச்சுக்கிட்டுத் தும்முவார், 'இது வீடா கிடங்கா'ன்னு கத்துவார். பெரியம்மா அசையல. சோறுகூட அங்கேயேதான்."

வாண்டு, நான் தட்டவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்த அன்றே என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெரிந்தால் நீ அழுவாய் என்று அம்மா உன்னிடம் சொல்லவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு இந்தப் பெண்ணிடம் போகும்வரை எனக்கும் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு போய் அந்த அறையைப் பார்த்தேன். நம்முடையதைப் போலத்தான், ஜன்னல் இல்லை, காற்று இல்லை. நாமே அந்த அறையை வேண்டாத சாமானுக்குத்தான் வைத்திருந்தோம். அங்கே ஒரு மனுஷி காரணமில்லாமல் உட்கார மாட்டாள். அத்தையை நாம் எத்தனை கேலி செய்திருக்கிறோம்.

கடைசியாக உன் கேள்வி. அத்தனை பெரிய இடம் எதற்கு என்று உனக்குத் தெரியாதா? நீ ஜூனில் ஓய்வு பெறுகிறாய் என்று எனக்கும் கணக்குத் தெரியும். நம் வீடு என்றால் நீ வருவாய் என்று நினைத்தேன். வேறு எந்த வீடாக இருந்தாலும் வர மாட்டாய். அதனால்தான் ரத்து செய்யப் பார்க்கிறேன். எனக்கு மட்டும் என்றால் ஒரு அறை போதும், எக்ஸ்ரே அறைப் பெண் தன் வீட்டு மாடியில் ஒன்று இருக்கிறது என்கிறாள்.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. உட்கார்ந்து எழுத வரவில்லை.

நான் குடியிருப்பது ஒரு செருப்புக் கடைக்கு மேல். பசை வாசனை. பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார், யார் என்று எனக்குத் தெரியாது. அவர் இருமினால் கேட்கிறது. நான் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. நேற்று இருமினார். சுவரைத் தட்டலாமா என்று தோன்றியது, கையைக்கூடத் தூக்கிவிட்டேன். அவர் புகார் என்று எடுத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அத்தை செத்துப்போனபோது தகவல் வந்தது. எனக்கு அலுவலகத்தில் வேலை இருந்தது, போகவில்லை. போயிருக்கலாம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உரிமையாளர் மாற்று ஆளை ஏற்கத் தயாராக இருப்பது நல்லது. வாயால் சொன்னதை நம்பிக் காலத்தை ஓட்டாதே, எழுதி வாங்கிக்கொள். மாற்று ஆளுக்கு நீ அலைய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் எழுத்தர், ஜூனில் ஓய்வு. தனி ஆள். சத்தம் போட மாட்டார். வாடகை தவறாது. காலை வெயில் இல்லாத அடுக்களை அவருக்குப் பிரச்சினை இல்லை, சாயங்கால வெயில் இருந்தால் போதும் என்கிறார். சாமான் அறையைத் தான் எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார்.

வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுச் சொல்.

தம்பி

*

மார்ச் 26

வாண்டு,

அந்த எழுத்தரைப் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "இப்பவும் நாக்கைத் துருத்தினா அழுவாரா?" என்று கேட்டாள். அழுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. மாற்று ஆள் என்றால் நான் விலகி அவர் வருவது. அவர் அந்த வீட்டுக்குப் போய்விட்டால் நான் எங்கே போவது? எக்ஸ்ரே அறைப் பெண்ணின் மாடிக்கா? வந்தும் வராமல் இருப்பதற்கு உனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சட்டத்தை வைத்துக்கொண்டு என்னிடம் விளையாடாதே. இந்த மாதம் முடிய நாளில்லை. என் சாமான் எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. ரத்து செய்யவா வேண்டாமா, ஒரே வார்த்தையில் எழுது.

மேசை விஷயம். வார்டு பையனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, வீட்டில் ஒரு பலகைகூட இல்லை. அதனால் கொடுத்தேன். உன்னைக் கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் மடக்கும்போது அதன் கால் ஒரு சத்தம் போடுமே, அந்தச் சத்தம் இல்லாமல் சாப்பிட்டு முடித்ததுபோலவே இல்லை.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

ரத்து செய்.

மீதியையும் படி, பாதியில் உறைக்குள் போட்டுவிடாதே. இரு தரப்பும் சம்மதித்தால் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு, அதே வீட்டுக்கு அதே நாளில் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம். அதில் குடியிருப்பவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் வர வேண்டும், உன் பெயர் முதலில். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். சட்டப்படி இது மாற்று ஆள் இல்லை, கூடுதல் ஆள். உன் கையெழுத்தையும் வீட்டுக்காரம்மாவின் கையெழுத்தையும் வாங்கு. போட்ட பிறகு மனம் மாறினால் என்ன ஆகும் என்று உனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். எனக்கும் அதேதான்.

ஜூன் கடைசி வரை நீ தனியாக இரு. பல் வைத்தியரைச் சும்மா சும்மா தொந்தரவு செய்யாதே. கட்டிலைச் சாமான் அறையில் சுவரை ஒட்டிப் போட்டுவை, நான் வந்து படுத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் தட்டப்போவதில்லை என்று தெரியும்.

வாடகைக்குக் குடியிருப்பவன் வீட்டில் எல்லாம் மடங்க வேண்டும் என்று அப்பா சொல்வார். மேசை, கட்டில், நாற்காலி எல்லாம் மடக்குகிற சாமானாகவே வாங்கினார். இன்று செருப்புக் கடைக்கு எதிரே இருக்கிற தச்சரிடம் ஒரு மேசை சொல்லியிருக்கிறேன். கால் மடங்காது. நான்கு பேர் உட்காரலாம், நாம் இரண்டு பேர்தான் என்றாலும்.

மாடிக்கு ஏற்றுவதற்குத் தச்சர் ஒரு விவரம் கேட்கிறார். படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நீயே ஒருமுறை ஏறிப் பார்த்து எழுது. எதிரே நின்று பார்க்காதே.

வாண்டு